ரைட்டரய்யா சொன்ன ரெண்டணா

இன்று ஆபீசில் யாரோ மூக்குப்பொடி டப்பியைத் திறந்தார்கள். தும்மல் வருவதற்குள் உமது முகம் வந்துவிட்டது, ரைட்டரய்யா. செத்து நாலு வருஷமாகியும் நீர் இப்படித்தான் கேட்காமல் உள்ளே வருகிறீர்.

துறைமுகத்தில் மூட்டைகளை எண்ணி எழுதி ரிடயரானவர் நீர். காலேஜ் வாசலை மிதித்ததில்லை. ஆனாலும் எங்கள் கல்மண்டபம் பேட்டையில் எந்தப் பையன் ஸ்கூல் பைனல் தேறினாலும் அவன் மார்க்குப் புத்தகம் முதலில் உமது மடிக்குத்தான் வரவேண்டும். ஒரு சிட்டிகை பொடி ஏறும். பிறகு காலேஜில் இடம் கிடைக்குமா என்று தீர்ப்பு, பதினாறணாவுக்கு இத்தனை அணா என்று. மண்டிக்காரர் மகனுக்குப் பன்னிரண்டு, கம்பவுண்டர் மகனுக்கு எட்டு. முழுசாகப் பதினாறும் சொல்லமாட்டீர், பூஜ்யமும் சொல்லமாட்டீர். அதனால் எது நடந்தாலும் உமது வாக்கு பலித்த மாதிரியே இருக்கும். இந்தப் பித்தலாட்டத்துக்கு ஊர் உமக்கு நாற்காலி போட்டது.

என் அண்ணன் புத்தகத்தை அப்பா கொண்டுவந்த அன்று நானும் கூட வந்தேன். கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே அவனை மிஞ்ச ஆள் இல்லை. நீர் முதல் பக்கத்தைப் பார்த்தீர். தகப்பன் பெயர், தொழில், மீன்பிடித்தல். அங்கேயே விரல் நின்றது. அடுத்த பக்கத்தை நீர் புரட்டவே இல்லை.

"ரெண்டணா சான்ஸ் கீதுப்பா. சீட்டு கொஞ்சம், கேக்கறவன் ஜாஸ்தி. இன்னாத்துக்குப் பேஜாரு? ஆர்பர்ல மூட்ட எண்ற வேல நான் வாங்கித் தரேன்."

அப்பா கும்பிட்டுவிட்டு வந்தார். வீட்டில் அம்மா ஒன்றுதான் கேட்டாள். "மார்க்க பாத்தாரா அவுரு?"

"அவுரு பாக்காததா?" என்றார் அப்பா.

விண்ணப்பமே போடவில்லை. அண்ணன் இன்றும் மூட்டைதான் எண்ணுகிறான்.

இரண்டு வருஷம் கழித்து நான் தேறினேன். எனக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். அவனைவிட எனக்கு மார்க் குறைவு. அம்மா என் புத்தகத்தைத் துணியில் சுற்றி மீன்கூடையில் வைத்து, உமது தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியாக என்னைக் காலேஜுக்கு அழைத்துப் போனாள். கூடையை வெளியே வைக்கச் சொன்னார்கள். வைத்துவிட்டு, புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். எனக்கு இடம் கிடைத்தது.

அதற்கு நீர் தெருவெல்லாம் சொன்னது என்ன? "நான் அப்பவே சொல்லல? அந்த வூட்டுக்கு ரெண்டணா கீதுன்னு."

உம்மை வெறுத்தேன் என்று சொன்னால்கூட அது உமக்கு மரியாதை. அற்பமான மனிதர் நீர். மூட்டையைப் பிரிக்காமல், மேலே எழுதியிருப்பதைப் படித்தே உள்ளே இருப்பதைக் கணக்கில் ஏற்றிப் பழகியவர். பிள்ளைகளையும் அப்படியே ஏற்றினீர். உமது சாவு வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நான் வாசலில் நின்று, எப்போது எடுப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அதே காலேஜில் விண்ணப்பங்களைப் பிரித்துவைக்கும் குமாஸ்தா நான். நான் ஒதுக்கிவைப்பது பிரின்சிபால் கண்ணில் படாது. பொடி நெடி வந்தபோது என் கையில் ஒரு விண்ணப்பம் இருந்தது. ஊர் சடையங்குப்பம், தகப்பன் தொழில், உப்பளக் கூலி. ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் 2 என்று போட்டிருந்தது. என் கையெழுத்துதான். அடுத்த பக்கத்தை நான் இன்னும் புரட்டியிருக்கவில்லை.

புரட்டினேன். கணக்கில் அந்தப் பையன் என் அண்ணனுக்குச் சமம். ரப்பரை வைத்துத் தேய்த்தேன். காகிதம் நைந்ததே தவிர எண் போகவில்லை. அப்படியே எடுத்துப்போய்ப் பிரின்சிபால் மேஜையில் நானே வைத்துவிட்டு வந்தேன்.

ஆக, உம்மைத் திட்டிக்கொண்டே உமது வழக்கத்தை நான் சுமந்து வந்திருக்கிறேன். இது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது, ரைட்டரய்யா. பொடி நெடி வராத நாட்களில் எத்தனை பிள்ளைகளுக்கு இப்படிப் போட்டு ஒதுக்கினேன் என்று எனக்கு நினைவில்லை.