தலைகீழாய்ப் புதைத்த பாட்டில்

பார்ட்ஸ்டவுன்

அன்புள்ள வெர்னா,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா?

நேற்று முதலாளி மகளின் கல்யாணம். மழை வரக்கூடாதென்று, இந்த ஊர் வழக்கப்படி ஒரு மாதம் முன்பே தோட்டத்தில் பர்பன் விஸ்கி பாட்டிலைத் தலைகீழாகப் புதைத்திருந்தார். இருபது வருடம் பீப்பாயில் கிடந்த சரக்கு. அந்த விலைக்குப் பழைய கார் வாங்கலாம். ஆனாலும் மழை கொட்டித் தீர்த்துவிட்டது.

தோண்டியெடுத்து எனக்கும் ஒரு வாய் கொடுத்தார்.

"எப்படிடா இருக்கு?"

"பலகையை நக்கின மாதிரி இருக்குங்க."

"உன் கல்யாணத்துக்கு எதைடா புதைச்ச?"

"கடையிலயே மலிவானதுங்க. ஒரு துளி மழை வரல."

அவர் சிரித்தார். எனக்குத்தான் அதிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. பீப்பாய்க் கிடங்குக்கும் என் அறைக்கும் சும்மா நடக்கிறேன்.

கம்பளிக் காலுறை அனுப்பு. நம் கல்யாணப் பாட்டிலில் இரண்டு வாய் மிச்சமிருக்கும். உன் அண்ணன் கண்ணில் காட்டாதே. நான் வரும் அன்று மழை கொட்டட்டும், வெளியே போகாமல் இருவரும் குடிப்போம்.

பீப்பாய் ஏற்ற வண்டி வந்துவிட்டது.

உன் ஆர்லிஸ்