ஞாயிற்றுக்கிழமை எரிந்த சிவப்பு விளக்கு

மில்டுரா, ஆஸ்திரேலியா

அன்புள்ள கலோலைனுக்கு,

உனக்கும் உன் அப்பாவுக்கும் என் வணக்கம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பன்றிக்குட்டிகள் இன்னும் வேலியைத் தாண்டுகின்றனவா?

போன ஞாயிறு நம் டோங்காக்காரர்களின் சர்ச்சுக்குப் போகும் வழியில் வேனில் ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக எரிந்தது. உடனே நிறுத்தச் சொன்னேன். ஆயில் அளவு சரியாகத்தான் இருந்தது. எனக்குச் சென்சார்மேல் சந்தேகம். ஆனால் உண்மையிலேயே பிரஷர் இல்லையென்றால் என்ஜின் போச்சு. சென்சாரைக் கழற்றப் போனேன். போதகரின் மனைவி விடவில்லை.

"பாக்கிறதுன்னா பாரு. ஸ்பேனரத் தொட்டா அது வேல. இன்னிக்கு ஞாயித்துக்கெழம!"

வேனில் வந்த பதினோரு பேரும் பாடிக்கொண்டே நாலு கிலோமீட்டர் நடந்தோம். பயப்படாதே, வெயில் அதிகமில்லை.

திங்களன்று சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் மீட்டரை மாட்டி என்ஜினை ஓடவிட்டேன். முள் சரியான இடத்தில் நின்றது. புதுச் சென்சார் போட்டதும் விளக்கு அணைந்துவிட்டது.

"அப்ப என்ஜின் நல்லாத்தான் இருந்துச்சா? எங்கள வெட்டியா நடக்க வுட்டியேடா!" என்று வேன் ஓட்டும் லிசியாட்டே கத்தினார்.

நீ பின்னிய இடுப்புப் பாயை அனுப்பு. சர்ச்சுக்கு உடைமேல் இரவல் பாய் கட்டிக்கொண்டு போகிறேன். அது கணுக்கால்வரை தொங்குகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள்.

இன்னொன்று. அந்த வேன் நன்றாக இருந்துகொண்டே விளக்கை எரித்தது. நான் அதற்கு நேர்மாறு. போனில் நான் "நல்லா இருக்கேன்" என்றால் உடனே வைத்துவிடாதே. இன்னொரு தடவை கேள்.

எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் தோட்டத்து லாரி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் செமிசி