ஓடவிட்டுப் பார்த்த இதயம்

2025 பிப்ரவரி 3, திங்கள்

காக்களூர் கம்பெனியில் இன்று லிப்ட் ஓடவில்லை. பேக்கிங் செக்‌ஷனுக்குப் படியேறினேன். பாதியில் நெஞ்சை யாரோ முழங்கையால் அழுத்துகிற மாதிரி இருந்தது. தாடையிலும் வலி. நின்றேன், இரண்டு நிமிடத்தில் போய்விட்டது. கூட வேலை செய்யும் சாராள், "கேஸ்தான்க்கா" என்று சோடா வாங்கிக் கொடுத்தாள். ஏப்பம் வந்தது. சரி, கேஸுக்குத் தாடை ஏன் வலிக்க வேண்டும்?

பிப்ரவரி 6

மறுபடியும். அதே படி, அதே வலி.

பிப்ரவரி 7

ஆஸ்பத்திரி. படுக்கவைத்து இசிஜி எடுத்தார்கள். நார்மல். பரீட்சையில் பாஸான மாதிரி எழுந்தேன். டாக்டர் காயத்ரி விடவில்லை. "படுத்திருக்கும்போது இதயத்துக்குப் பெரிசா என்னம்மா வேலை? உங்களுக்கு ஏறும்போதுதானே வலிக்குது? ஓடவிட்டுத்தான் பார்க்கணும்."

டிரெட்மில்லில் ஓடவிட்டு, ஓடுவதற்கு முன்பும் ஓடி முடித்த கையோடும் இதயத்தை ஸ்கேன் செய்வார்களாம். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு ஓட்டப்பந்தயம்!

வீட்டுக்காரர் தானியேல் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு ஆளேற்றிப் போகும் பஸ் டிரைவர். விஷயத்தைச் சொன்னதும், "நீ ஓடி நான் பார்த்ததே இல்லியே. லீவு போட்டுனு வரேன்" என்றார். சினிமாவுக்குக் கிளம்புகிற முகம்.

பிப்ரவரி 11

நாளை டெஸ்ட் முடியும்வரை காபி கூடாதாம். நெஞ்சுவலியைவிட இதுதான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

மகள் ஸ்நேகாவின் ரோஸ் கலர் ஷூவைப் போட்டுக்கொண்டு போனேன். அரை சைஸ் சின்னது.

முதலில் இடதுபக்கமாகப் படுக்கவைத்து, ஜில்லென்று ஜெல் தடவி ஸ்கேன். திரையில் என் இதயம். இதுவா இத்தனை நாள் உள்ளே கிடந்தது! பிறகு பெல்ட்டில் ஏற்றினார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடியது. "வலி வந்தா உடனே சொல்லுங்க" என்றாள் நர்ஸ். ஏழாவது நிமிடமே வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், தோற்பேனா? இன்னும் நாலு எட்டு வைத்த பிறகுதான் சொன்னேன். அதற்கு டாக்டரிடம் தனியாகத் திட்டு வாங்கினேன்.

"சீக்கிரம், சீக்கிரம், படுங்க!" இதயத்தின் வேகம் அடங்குவதற்குள் படம் பிடிக்க வேண்டுமாம். கட்டிலை நோக்கி இப்படி யாரும் என்னை விரட்டியதில்லை.

பிறகு டாக்டர் முன்படத்தையும் பின்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார். முன்படத்தில் இதயத்தின் சுவர் முழுக்க ஒரே சீராகச் சுருங்கியது. பின்படத்தில் முன்பக்கம் ஓர் இடம் மட்டும் சும்மா நின்றது. பதினெட்டு வருஷமாக லைன் சூப்பர்வைசர், என் கண்ணுக்குத் தப்புமா? "டாக்டர், எல்லாரும் வேலை செய்றாங்க, அங்க ஒருத்தன் மட்டும் நின்னுனு இருக்கானே?"

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "அந்த இடத்துக்கு ரத்தம் பத்தலம்மா. குழாய்ல அடைப்பு இருக்கலாம். ஆஞ்சியோ பண்ணிடுவோம்."

வெளியே வந்ததும் இவர் என்னை பெஞ்சில் உட்காரவைத்தார். குனிந்து என் ஷூ கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

பிப்ரவரி 13

எனக்கு எதனா ஆச்சுன்னா ஸ்நேகா காலேஜ்? இவருக்கு அரிசி களையக்கூடத் தெரியாதே — கர்த்தாவே, இன்னா இது!

பிப்ரவரி 18

நேற்று ஆஞ்சியோ முடிந்தது. மணிக்கட்டு வழியாகவே மெல்லிய குழாய் விட்டு, தொண்ணூறு சதவீத அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். நான் முழித்துக்கொண்டே இருந்தேன். வெளியே இவர் அழுத அழுகையில், நர்ஸ் என்னை விட்டுவிட்டு இவருக்கு பிபி பார்த்தாளாம்.

மார்ச் 30, ஞாயிறு

நடக்கலாம், நன்றாகவே நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று சர்ச் முடிந்து நடந்தே வந்தோம். சர்ச் வாசலில் நாலு பேரிடம் இவர், "ஹார்ட்டு பேஷன்ட்டு, பாத்து பேசுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். வந்ததே கோபம். மேம்பாலம் ஏறும்போது ஆரம்பித்தேன். கல்யாணத்தன்று இவர் லேட்டாக வந்ததுவரை ஒன்றையும் விடவில்லை. பாலத்தின் உச்சியில் திரும்பிப் பார்க்கிறேன், ஆளைக் காணோம். பத்தடி பின்னால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"கொஞ்சம் மெதுவா போயேன் சுகிர்தா. மூச்சு வாங்குது."

"சீக்கிரம் வாங்க," என்றேன். "திட்டு இன்னும் பாதி இருக்கு."