ஒரு நெடில், இரண்டு குறில்

8 ஜூலை 1957, திங்கள்

மூடுபனி. காலைப் பஸ்ஸில் இலக்கணப் புத்தகத்தைத் திறந்தேன். இரண்டாவது வளைவிலேயே குமட்டியது, மூடிவிட்டேன். பெருமாள்மலையில் ஏறினால் கொடைக்கானல் பள்ளிக்கூடம் வரை அப்பாவுக்குச் சொந்தமான பஸ்தான். டிரைவருக்குப் பின்னால் உள்ள இடம் என்னுடையது. படிக்க முடியாவிட்டால் என்ன, காது இருக்கிறதே.

டிரைவர் மனுவேல் அண்ணன் ஒவ்வொரு வளைவிலும் ஆரனின் ரப்பர் பந்தை ஒழுங்காக அழுத்துகிறார். அவருடைய வீட்டு வளைவில் மட்டும் சத்தம் இல்லை, இன்றுதான் கவனித்தேன்.

முன்பெல்லாம் அங்கே ஒரு நீண்ட சத்தம், பிறகு இரண்டு குட்டைச் சத்தம். ஒரு நெடில், இரண்டு குறில் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். வேறு எங்கேயும் அப்படி அடிக்க மாட்டார். அதைக் கேட்டதும் அவர் மனைவி கித்தேரியம்மாள் அக்கா, மகள் ஜோசப்பினைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வருவார். அந்தப் பிள்ளை மனுவேல் அண்ணனின் சோற்றுத் தூக்குவாளியை இரண்டு கையாலும் உயர்த்திக் காட்டும். கண்டக்டர் வேலுமணி படியில் தொங்கியபடி, "தாயே, மீன் உண்டுமா?" என்று கேட்டு வாங்கிக்கொள்வார்.

போன மாதம் அந்தப் பிள்ளை காய்ச்சலில் இறந்துபோனது. மறுவாரமே மனுவேல் அண்ணன் வேலைக்கு வந்துவிட்டார். "மனுசன் தேறிட்டான்" என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

10 ஜூலை

இன்றும் அங்கே ஆரன் இல்லை. மறந்துவிடுகிறாரோ?

12 ஜூலை, வெள்ளி

எழுத்து கோணுகிறது. பரவாயில்லை.

அதே வளைவு. எதிரே உருளைக்கிழங்கு லாரி இறங்கி வந்தது. நாம் வருவது அவனுக்கு எப்படித் தெரியும்? சத்தமே இல்லையே! பிரேக் போட்டதில் என் நெற்றி முன்கம்பியில் இடித்தது. ஒரு குழந்தை வீறிட்டது. சன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே பனி மட்டும்தான்.

லாரிக்காரர் இறங்கி வந்து கத்தினார். "ஏலே, ஆரனை அடகு வச்சுட்டியா? அம்புட்டுப் பேத்தையும் பள்ளத்துல தள்ளவா பாக்குறே?"

மனுவேல் அண்ணன் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். ஆனால் அதற்கு முன்பே நான் ஒன்று பார்த்திருந்தேன். வளைவுக்கு முன்னால் அவர் கை பந்தின் மேல் போனது. தொட்டது. பிறகு சுட்டதுபோல் திரும்பி வந்தது.

மறதி என்றால் கை ஏன் போக வேண்டும்?

சாயங்காலம் அப்பா வேலுமணியை விசாரித்தார். "சாராயம் ஏதும் போடுறானா? வாயை மோந்து பாத்தியா?"

"மோந்தேங்க. சுருட்டு நாத்தந்தான்."

"பெறகு என்ன கேடு அவனுக்கு? நாளைக்கு வண்டியை மாத்து டிரைவர் வேலப்பன் எடுக்கட்டும். மனுவேலை ஞாயித்துக்கிழமை வந்து சாவியைக் குடுத்துட்டுப் போகச் சொல்லு. இனிமே அவன் எனக்கு வேண்டாம்."

அப்பா கோபத்தில் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அதனால்தான் பயமாக இருக்கிறது.

13 ஜூலை, சனி

சனிக்கிழமை வகுப்பு. வேலப்பன் ஓட்டினார். அந்த வளைவில் ஆரனை நன்றாக, நீளமாக அடித்தார். கித்தேரியம்மாள் அக்கா கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்காவுக்காகத்தான் மனுவேல் அண்ணன் அடிப்பதில்லை என்று நினைத்திருந்தேன், ஆனால் ஆரன் சத்தம் அவரை ஒன்றும் செய்யவில்லை.

ஆனால் இது வெறும் நெடில், குறில்களும் சேர்ந்திருந்தால்?

14 ஜூலை, ஞாயிறு

காலையில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "அப்பா, மனுவேல் அண்ணன் எல்லா வளைவுலயும் ஆரன் அடிக்கிறாரு. அவர் வீட்டுக்கிட்ட மட்டுந்தான் அடிக்கல."

"உன் சோலி படிப்பு. அதைப் பாரு" என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் காப்பியைக் குடிக்காமல் வைத்திருந்தார்.

பூசை முடிந்து மனுவேல் அண்ணன் வெள்ளைச் சட்டையோடு எங்கள் பஸ் ஷெட்டுக்கு வந்தார். சாவியை மேசைமேல் வைத்தார். அப்பா அதை எடுக்கவில்லை.

"மனுவேலு, உன் வீட்டு வளைவுல ஏன்யா ஆரன் அடிக்க மாட்டேங்கிறே?"

அவர் சொன்னார். நான் கதவோரம் நின்று கேட்டதை அப்படியே எழுதுகிறேன்:

"அங்க வந்தா கைக்கு வீட்டைக் கூப்புடுற அந்தச் சத்தந்தாங்க தெரியுது, மொதலாளி. வேற மாதிரி அமுத்த வரல. வேலைக்குத் திரும்புன அன்னைக்கு, விடியக்கால டிரிப்புல அடிச்சுட்டேன். எம் பொண்டாட்டி தூக்குவாளியை எடுத்துக்கிட்டு, மத்தக் கையைக் கீழ நீட்டிக்கிட்டே ஓடியாந்துட்டாங்க. பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி. வாசலுக்கு வந்த பெறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்துச்சு."

"இதை ஏன்யா எங்கிட்டச் சொல்லல?"

"வேலைக்கு வந்த எடத்துல வீட்டுக் கதை பேசலாங்களா?"

"சரி, நீ பேசல. வந்துட்டியேன்னு நானும் கேக்காம விட்டுட்டேன்." அப்பா சாவியை அவர் பக்கம் தள்ளினார். "ஆனா மத்த பிள்ளைகளும் அந்த வண்டியில வருது. எம் மக வர்றா. சத்தமில்லாம அந்த வளைவுல வண்டி போகக் கூடாது. அங்க நிறுத்து. வேலுமணி எறங்கி முன்னால ஓடி விசில் ஊதட்டும். அவன் கையைக் காட்டுன பெறகு எடு. என்னைக்கு முடியுதோ, அன்னைக்கு நீயே அடி."

மனுவேல் அண்ணன் சாவியை எடுத்து வெள்ளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

22 ஜூலை

வேலுமணி பனிக்குள் ஓடுகிறார், ஊதுகிறார், மூச்சு வாங்க வந்து ஏறுகிறார். "என்னப்பா, ஓட்டப் பந்தயமா?" என்று ஒருவர் சிரித்தார். "ஆமாங்க, செயிச்சா உங்க டிக்கெட் ஓசி" என்றார் வேலுமணி.

19 ஆகஸ்டு

விசில். மழை. விசில்.

3 அக்டோபர்

கால் பரீட்சை மார்க்கு வந்தது. தமிழில் முதல். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

வளைவில் விசில்தான்.

2 நவம்பர், சனி

கல்லறைத் திருநாள். மனுவேல் அண்ணனுக்கு அப்பா விடுப்புக் கொடுத்தார். அவர் கேட்கவில்லை. அப்பாவே கூப்பிட்டுக் கொடுத்தார்.

4 நவம்பர், திங்கள்

வளைவு வந்தது. வேலுமணி வழக்கம்போல் விசிலை வாயில் வைத்துக்கொண்டு படியில் இறங்கினார். மனுவேல் அண்ணன் திரும்பாமலே, "ஏறிக்கப்பா" என்றார்.

கை பந்தின் மேல் போனது. அழுத்தியது.

நெடில்.

குறில்களுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

கித்தேரியம்மாள் அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தார். பிறகு குனிந்து, விட்ட இடத்திலிருந்து கூட்டத் தொடங்கினார்.