கேட்காது என்று நினைத்துப் பேசியவை

ஜூன் 10, 2024, திங்கள்

ஓய்வு பெற்றுப் பத்து நாள். ஆறு மணிக்கு சிப்காட்டில் சங்கு ஊதியிருப்பார்கள். எனக்குக் கேட்காது, உடம்புக்குத் தெரிகிறது. எழுந்து நேராகத் தோட்டத்துக்குப் போனேன். கத்தரி பன்னிரண்டு செடி, வெண்டை ஒரு பாத்தி, வேலி ஓரம் அவரை. ஒரு கத்தரிப் பூவைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மில்லில் எவனாவது ஹெல்பர் இப்படி உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு அவனை அழ வைத்து அனுப்பியிருப்பேன்.

முப்பத்து மூன்று வருடம் இரும்பு ரோலிங் மில். அங்கே ஃபோர்மேனாக இருந்தவனுக்குக் காது இருந்தால்தான் அதிசயம். உள்ளே கையால்தான் பேசுவோம். அதையே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். கிரேஸ் இரண்டு விரலை வாயருகே கொண்டுபோனால் சோறு. மணிக்கட்டைத் தட்டினால் நேரமாயிற்று. மகன் ராபினும் மருமகள் மோனிகாவும் அப்படித்தான். எனக்கு இதில் ஒரு குறையும் இல்லை. கத்துவது என் வேலை, கேட்பது அவர்கள் வேலை.

பழைய மாருதி ஒன்று வாங்கி நிறுத்தியிருக்கிறேன். ரிடையர் ஆனதும் சொந்த வண்டியில் வேளாங்கண்ணி கூட்டிப் போகிறேன் என்று கல்யாணமான வருடம் கிரேஸிடம் சொன்னது. சொன்னால் செய்வான் இந்தச் சின்னதுரை.

ஜூன் 19, புதன்

துளசிராமனோடு ரயிலேறி பெரம்பூர் போய்க் காது மெஷின் வாங்கினேன். துளசிராமன் எங்கள் மில்லில் கிரேன் ஓட்டியவன், எனக்கு முன்பே செவிடானவன், முன்பே மெஷின் போட்டவன். பட்டாணி அளவுதான் இருக்கிறது. என் காது மயிருக்குள் போய்விட்டால் போலீஸ் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. இடது காதில் போட்டுக்கொண்டேன். வண்டியில் கிரேஸ் உட்காரும் பக்கம்.

திரும்பும் ரயிலில் கொய்யா விற்கிறவள் குரல் கேட்டது. எவனோ பின்னால் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துளசிராமன் பார்க்காத மாதிரி இருந்தான்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். கிரேஸ் சிரித்த முகமாக வந்து தட்டு வைத்தாள், உட்காருங்கள் என்று கை காட்டினாள். அந்தச் சிரிப்பு மாறாமலே மோனிகாவிடம் சொன்னாள்: “வந்துட்டாருமா. கொட்டிக்கினு போய்ப் படுத்தா நமக்கு நிம்மதி.”

மோனிகா சிரித்தாள். நான் ரசம் கேட்டேன்.

ஜூன் 20

சொல்லவில்லை. கொஞ்ச நாள் போகட்டும்.

ஜூன் 27, வியாழன்

ஓய்வுக்காலத்தில் பொழுது போகாது என்றவன் மடையன். எனக்கு இருபத்து நாலு மணி நேரம் போதவில்லை.

கத்தரிக்காய் கசக்கிறது, மாமா போன பிறகு கொட்டிவிடலாம் என்று மோனிகா சொன்னாள். மறுநாள் ஒரு கூடை பறித்து அவளிடமே கொடுத்தேன். மதியம் அவள் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உனக்காகவே வளர்த்தது என்று இரண்டு தரம் போட்டுக்கொள்ள வைத்தேன். பாவம், நன்றாக மென்றாள்.

கவரப்பேட்டையில் தனி வீடு பார்க்கலாமா என்று ராபினும் அவளும் என் முதுகுக்குப் பின்னாலேயே பேசுகிறார்கள். நேற்று சாப்பிடும்போது, கவரப்பேட்டைப் பக்கம் வாடகையெல்லாம் ஏறிவிட்டதாமே என்று பொதுவாகச் சொன்னேன். ராபினுக்குப் புரை ஏறியது. கிரேஸ் அவன் தலையைத் தட்டிக்கொண்டே, பேய் பேரைச் சொன்னால் போதும், வந்து நிற்கும் என்றாள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மோரைக் குடித்துச் சமாளித்தேன்.

கூரையில் உட்கார்ந்து கீழே நடப்பதைப் பார்க்கிற சுகம் இது. கொஞ்சம் கேவலம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூலை 7, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்து தோட்டத்தில் அவரை பறித்தோம். நான் மண் கொத்திக்கொண்டிருந்தேன். கிரேஸ் பந்தலுக்குக் கீழே குனிந்த தலையோடு பேச ஆரம்பித்தாள். யாரிடம்? என்னிடம்தான். என்னைப் பார்த்தேதான்.

அவள் அம்மா செத்தது தொண்ணூற்றெட்டில், ஊத்துக்கோட்டைப் பக்கம். அன்று எனக்கு மத்தியான ஷிப்ட். சோறு கட்டி வைத்துவிட்டுப் போ என்று சொன்னேனாம். சொல்லியிருப்பேன். சோறு கட்டி, பஸ் பிடித்து, அவள் போய்ச் சேரும்போது குழியில் மண் தள்ளியாகிவிட்டது. முகம் பார்க்கவில்லை.

“மொகத்த பாக்கவுடாம பண்ணிட்டியேய்யா. ஒரு நாள் ஓட்டல்ல துன்னா செத்தா போயிருப்பே?”

திட்டுகிற குரல் இல்லை. உப்பு போதுமா என்று கேட்கிற குரல். எத்தனை வருடமாக இதை என் முன்னால் சொல்லிக்கொண்டிருக்கிறாளோ. நான் மண்வெட்டியோடு நிற்கிறேன். அவள் முந்தானையில் அவரையைக் கொட்டிக்கொண்டு தொடர்ந்தாள். வேளாங்கண்ணிக்கு வண்டியில் போகப் பயமாக இருந்தாலும் ஆசையாக இருக்கிறதாம்.

“ஏழெட்டு மணி நேரம் ஒக்காந்துகினே போவலாம். ஒனக்குதான் காது கேக்காதே, நான் பாட்டுக்கு எல்லாத்தையும் பேசிக்கினே வருவேன். அதுக்காவத்தான் வரேன்.”

எல்லாத்தையும் என்றால் இன்னும் இருக்கிறதா? இன்னா இருக்குது?

அவள் நிமிர்ந்து சிரித்தாள். போதுமா என்று கூடையைக் காட்டிக் கையசைத்தாள். நானும் போதும் என்று கை காட்டினேன்.

ஜூலை 20, சனி

துளசிராமனிடம் சொன்னேன். பக்கத்தில் யாரும் இல்லை, இருந்தும் அவன் குரலைத் தாழ்த்தினான். “சொல்லிடு, இல்லன்னா கழட்டிடு. ரெண்டத்துல ஒண்ணு செய்ப்பா. இது திருட்டு.”

என் வீட்டில் என் காதைத் திறந்து வைப்பது திருட்டாம். வேளாங்கண்ணி போகும் வழியில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். சிதம்பரம் தாண்டி ஒரு டீக்கடையில், அழகாக, சிரித்துக்கொண்டு. இவ்வளவு நாள் பேசியதெல்லாம் கேட்டேன் கிரேஸு, பரவாயில்லை, நீயும் பாவம்தான் என்று. அவள் அழுவாள், நான் டீ வாங்கிக் கொடுப்பேன்.

ஆகஸ்ட் 14, புதன், வேளாங்கண்ணி

நேற்று விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினோம். செங்குன்றம் வரை அவள் ஜெபமாலையோடு இருந்தாள். தாம்பரம் தாண்டியதும் ஆரம்பித்தாள்.

அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்தாளாம். பக்கத்து ஊர் கோபால் என்பவன் கடிதம் கொடுத்தானாம், கிழித்து மாட்டுக்குப் போட்டாளாம், மாடு தின்னவில்லையாம். கேட்டுக்கொண்டே கல்பாக்கம் போனது தெரியவில்லை. உப்பளத்தைப் பார்த்ததும் ஒரு பாட்டுப் பாடினாள். குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று முப்பது வருடமாக எனக்குத் தெரியாது. ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன், உள்ளே எனக்குக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. இதற்காகத்தான் மனிதன் ரிடையர் ஆகிறான் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

கடலூர் தாண்டி, ஒரு பாலத்துக்கு முன்னால், கிரேஸ் பெருமூச்சு விட்டாள்.

“மே மாசம் பூரா முட்டி போட்டு ஜெபம் பண்ணேன். இந்த ஆளுக்கு ரெண்டு வருசம் எக்ஸ்டென்ஷன் குடுக்கணும் ஆண்டவரேன்னு. குடுக்கலியே.”

அவ்வளவுதான். சிதம்பரமும் போச்சு, டீக்கடையும் போச்சு. ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னேன்: “ஒங்கம்மா மொகத்தப் பாக்காததுக்கு நான் காரணம் கெடையாது. பஸ்ஸு வரசொல்லோ நீதான் நல்ல பொடவ தேடிக்கினு நின்னே.”

புடவை தேடினாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. வாயில் வந்தது. பஸ் வரும் நேரம் நான் வீட்டிலேயே இல்லை, மத்தியானமே கம்பெனிக்குப் போய்விட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஓரமாக நிறுத்தி, மெஷினைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். சிரித்தேனா? சிரித்தேன். ஏன் சிரித்தேன்? அவள் உதடு அசைந்தது. மறுபடி மாட்டிக்கொண்டு என்ன என்றேன்.

“எப்போலேந்து?”

ஜூன் பத்தொன்பது என்றேன். விரலை மடக்கி மடக்கி நாட்களை எண்ணினாள். பாதியில் நிறுத்திவிட்டு முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். அங்கிருந்து வேளாங்கண்ணி வரை டயர் சத்தம் மட்டும் கேட்டது. நல்ல மெஷின், அதுகூடத் தெளிவாகக் கேட்கிறது.

ஆகஸ்ட் 15

மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினாள். வாயைத் திறக்காமலே ஜெபித்தாள்.

செப்டம்பர் 9, திங்கள்

மெஷின் விஷயம் தெரிந்ததும் ராபினும் மோனிகாவும் கவரப்பேட்டை போய்விட்டார்கள். போகும்போது மோனிகா மட்டும் ஒன்று சொன்னாள், மரியாதையாகத்தான் சொன்னாள்: “கத்தரிக்கா கசப்புன்னு தெரிஞ்சேதான் போட்டீங்களா மாமா?” நான் வண்டிக்கு வழி காட்டுகிற மாதிரி நகர்ந்து நின்றேன்.

கிரேஸ் எல்லாம் செய்கிறாள். மூன்று வேளை சோறு, நேரத்துக்கு டீ. இரண்டு விரல் வாயருகே. மணிக்கட்டில் தட்டு. காது கேட்கிறவனுக்குக் கை ஜாடை. பேசடி என்று கத்தினேன். இன்னா கொறை வெச்சேன் ஒனக்கு, சொல்லித் தொலை, திட்டு. பக்கத்து வீட்டு முனுசாமி எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். தண்ணீர் வேண்டுமா என்று டம்ளரைக் காட்டினாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மெஷினைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். இனி கேட்காது, நீ பேசு என்றேன். மன்னித்துவிடு என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் இருந்தேன், அந்த வார்த்தை எனக்கு வரவில்லை, பழக்கமில்லை. வாங்கி அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு என் காதுக்குள் குனிந்து பார்த்தாள். வலது, இடது, இரண்டையும். மில் கேட்டில் செக்யூரிட்டி எங்கள் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பானே, அந்த மாதிரி.

அதற்குப் பிறகும் பேசவில்லை. மாலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவரைப் பந்தலுக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருந்தாள், உதடு ஓடிக்கொண்டிருந்தது, கைகூட ஆட்டினாள். ஏதோ சிரிப்பான விஷயம் போல. நான் செருப்பு மாட்டிக்கொண்டு பின்வாசலில் கால் வைத்தேன். உதடு நின்றுவிட்டது.

செப்டம்பர் 25

இன்றும் நின்றுவிட்டது.

அக்டோபர் 6, ஞாயிறு

துளசிராமன் சொல்லி ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை. ஐம்பது பேரை மேய்த்த ஃபோர்மேன், இனிமேல் லாரி நம்பர் எழுதப் போகிறேன். காது கேட்க வேண்டும் என்று குடோன்காரன் சொன்னதால் மெஷினை அவளிடமிருந்து வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

நாளையிலிருந்து வேலைக்குப் போகிறேன் என்று சொன்னேன். கிரேஸ் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். கையை அசைக்கவில்லை.

“எத்தினி மணிக்குத் திரும்புவீங்க?” என்றாள்.

ஐம்பத்து நாலு நாளுக்குப் பிறகு அவள் குரல். இரண்டரை ஆகும் என்றேன்.

விரலை மடக்கி மணியை எண்ணினாள்.

“ஓவர்டைம் குடுத்தா வேணாம்னு சொல்லாதீங்க” என்றாள். பழைய டிபன் பாக்ஸைத் தேடி எடுத்துத் துலக்க ஆரம்பித்தாள்.