ரேடியேட்டரில் மீன் செதில்

மீமிசல்

அன்பு மகன் ரபீக்குக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா, மருமகள் நுஸைபா, உன் மகள், நான் எல்லோரும் இறைவன் கிருபையால் சுகம், வெயிலில் நின்று வேலை பார்க்கிற உன் உடம்பும் நன்றாக இருக்க துஆ செய்கிறோம். போனில் நான் வண்டி என்று ஆரம்பித்தாலே நீ விற்றுத் தொலையுங்கள் என்று முடித்துவிடுகிறாய், அதனால் துபாய் திரும்புகிற பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன், முழுக்கப் படி.

நம் பழைய பிக்கப் புதுக்கோட்டை மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிப் போகும்போதெல்லாம் பாதி வழியில் கொதித்து நின்றது உனக்குத் தெரியும். பார்க்க வந்த தரகர் இன்ஜின் போச்சு என்றார், அடுத்த வாயிலேயே தானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். போன இன்ஜினை ஆசைப்பட்டு எவன் கேட்பான்? நீயோ அதை நம்பி, இந்த வருட லீவுக்கு ஊருக்கு வராமல் அந்தக் காசில் புது வண்டி வாங்கித் தருகிறேன் என்கிறாய்.

நான் மெக்கானிக் பெலிக்ஸிடம் வண்டியை விட்டேன். இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டரில் கிடந்த பழைய தண்ணீரை இறக்கினார், செங்கல் கரைத்தது போல வந்தது. அப்புறம் ஹோஸைக் கழற்றிக் கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடித்தார், மேல் வாயில் கொத்துக் கொத்தாக மீன் செதில்! "என்னண்ணே, ரேடியேட்டர்ல கொழம்பா வச்சீங்க?" என்று பெலிக்ஸ் சிரிக்கிறார், நம் டிரைவர் அடைக்கலம் தலையைச் சொறிகிறார். வழியில் தண்ணீர் குறையும்போதெல்லாம் மீன் பெட்டியில் உருகி நிற்கிற ஐஸ் தண்ணீரை மொண்டு ஊற்றியிருக்கிறார். "தவிச்சுப்போயி நிக்கிற வண்டிக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்னங்க மொதலாளி, சில்லுன்னு இருந்துச்சு, ஊத்துனேன்" என்கிறார். அந்த உப்பும் செதிலும்தான் அடைத்திருக்கிறது. அழுக்கைக் கரைக்கிற மருந்து ஊற்றி இன்ஜினை ஓடவிட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி, புதுக் கூலண்ட் ஊற்றி உள்ளே சிக்கிய காற்றையும் எடுத்துவிட்டார். நேற்று முழு லோடோடு நானே பக்கத்தில் உட்கார்ந்து புதுக்கோட்டை போய் வந்தேன், சூடு காட்டுகிற முள் பாதியைத் தாண்டவில்லை.

ஆகையால் புது வண்டிப் பேச்சை விடு. கம்பெனியில் லீவை ரத்து செய்யச் சொல்லியிருந்தால் இன்றே போய்த் திரும்பக் கேள், வெட்கப்படாதே. நீ வரப்போவதில்லை என்று நுஸைபாவிடம் பக்குவமாகச் சொல்லச் சொன்னாய். அவள் நீ வருகிற அன்றைக்குப் போட என்று மகளுக்குச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள், நான் எங்கே சொல்ல. இனிச் சொல்ல வேண்டியதும் இல்லை.

அல்லாஹ் உன்னைக் காத்து, நல்லபடியாக ஊர் சேர்ப்பானாக.

உன் அத்தா,
ஜெய்னுலாப்தீன்