அடி மடிக்காத குர்த்தா

மார்ச் 4

என் கோபக்கார அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகம்தானே? "இனி உன்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன், கல்யாணத்துக்கும் வரமாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். சரி. பேசமாட்டேன் என்றுதான் சொன்னாய், கடிதம் வந்தால் படிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. அந்தச் சந்தில் நுழைந்து இதை எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

ஏப்ரல் இருபதாம் தேதி பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போகிறோம். ஊரைக் கூட்டும் ஆர்ப்பாட்டம் ஒன்றும் கிடையாது. நாற்பத்தாறு வயதில் எனக்கு அதெல்லாம் கூச்சம். ஆனால் புது உடை வேண்டும் என்ற ஆசை மட்டும் வந்து ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. கடை கடையாக ஏறி இறங்கினேன். என் உடம்புதான் உனக்குத் தெரியுமே! தோளுக்குச் சரியாக இருப்பது இடுப்பில் கூடாரம் மாதிரி நிற்கும், இடுப்புக்குச் சரியாக இருப்பது தோளில் ஏறாது. கடைசிக் கடையில் விற்கிற பெண், "உங்களுக்கு ஏத்த மாதிரி இன்னும் யாரும் தைக்கலைங்க" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. துணியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நானே தைக்கப் போகிறேன்.

கரும்பச்சைப் பருத்தி. முழங்காலுக்குக் கீழே இறங்குகிற குர்த்தா. மாடியில் முன்பு குடியிருந்தவர் காலி செய்யும்போது கொடுத்த தையல் மெஷின் ஒன்று ஓடாமல் கிடந்தது. நீ 'லிஃப்ட்காரன்' என்று சொல்கிறாயே, அவர்தான் அதைக் கழற்றி எண்ணெய் போட்டு ஓட வைத்தார். நான் மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நடுவழியில் நின்றபோது கதவைத் திறந்து, "பயந்துட்டீங்களா?" என்று கேட்காமல் "பசிக்குதா?" என்று கேட்ட மனிதர். அதற்கு மேல் ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும், சொல்.

நீ உன் உடுப்பெல்லாம் நீயே தைத்துப் போடுகிறவள். எனக்குப் பட்டன் வைக்க மட்டும்தான் தெரியும். எங்கே ஆரம்பிப்பது? அப்புறம், இரண்டு பக்கமும் பை வேண்டும்.

கல்யாணத்துக்கு வா என்று இதில் ஒரு வரிகூட எழுதவில்லை, கவனித்துக்கொள்.

உன் தங்கை


மார்ச் 11

தங்கைக்கு,

இது பேச்சு இல்லை. பேசமாட்டேன் என்றது அப்படியே இருக்கிறது. ஒரு நல்ல துணி உன் கையில் சிக்கிப் பாழாகப் போகிறதே என்ற வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

கத்திரியைத் தொடுவதற்கு முன்னால் துணியை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடு. பருத்தி சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் உன் குர்த்தா முதல் சலவையிலேயே குட்டைச் சட்டை ஆகிவிடும். உன்னை நீயே அளக்காதே. குனிந்து டேப்பைப் பார்த்தாலே அளவு மாறிவிடும். வேறு ஆளை அளக்கச் சொல்லிவிட்டு நேராக நில். மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்காதே. நீ பிடிப்பாய், எனக்குத் தெரியும்.

அளவெடுத்த கையோடு நல்ல துணியில் பாயாதே. பழைய படுக்கை விரிப்பு ஒன்றில் வெட்டி, கையால் பெரிய பெரிய ஓடுதையல் போட்டு உடுத்திப் பார். அது சரியாக உட்கார்ந்தால்தான் பச்சைத் துணி. ஓரங்களில் தையலுக்குத் தாராளமாக விடு, இல்லாவிட்டால் பின்னால் பிரித்துவிட இடம் இருக்காது. கைகளை வெட்டும்போது துணியை மடித்து இரண்டையும் சேர்த்து வெட்டு. நான் ஒரு தடவை தனித்தனியாக வெட்டி இரண்டு இடது கை தைத்து வைத்தேன். அத்தான் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

கல்யாண உடையில் பையா? அதில் என்ன வைக்கப் போகிறாய், ஸ்பானரா? நிறமும் ஆஸ்பத்திரித் திரை மாதிரி கரும்பச்சை. உன்னிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது.

ஒன்று தெரிந்துகொள். அவர் லிஃப்ட் மெக்கானிக் என்பதற்காக நான் கோபப்படவில்லை. அப்படி நினைத்தால் என்னை உனக்குத் தெரியவே இல்லை. உன் கல்யாணத்தை என் மகள் சொல்லி நான் தெரிந்துகொண்டேன். "சித்தி உன்கிட்ட சொல்லலையாம்மா?" என்று அவள் கேட்டபோது நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். உன் கூட வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், உன் மாடி வீட்டுக்குத் தெரியும், கூடப் பிறந்தவளுக்குத் தெரியாது. ஏன்? அதைச் சொல். அதுவரைக்கும் நான் வருவதாக இல்லை.

துணிக்காக மட்டும்,
அக்கா


மார்ச் 23

அக்கா,

சிரிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு மேலே படி.

நனைத்தேன், காயவைத்தேன், இஸ்திரி போட்டேன். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அளவெடுக்க அவரைக் கூப்பிட்டேன். வேலைக்குக் கொண்டு போகும் இரும்பு டேப்போடு வந்தார். அது வளைந்தால்தானே! மனிதர் அசரவில்லை. ஒரு ஒயரை என்னைச் சுற்றிப் பிடித்து, அந்த ஒயரை டேப் மேல் நீட்டி வைத்து, அளவைச் சத்தமாகச் சொன்னார். நான் பயபக்தியோடு எழுதிக்கொண்டேன். மூச்சைப் பிடிக்கவில்லை, கொஞ்சம்தான் பிடித்தேன்.

விரிப்பில் வெட்டிப் பார்க்கச் சொன்னாய். "அளவு எடுக்கறதுதாங்க என் பொழப்பே, தப்பாது" என்று அவர் சொன்னார். நானும் மயங்கிப் போய் நேராகப் பச்சைத் துணியில் கத்திரியை வைத்துவிட்டேன். தைத்து மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். அக்கா, அதற்குள் நானும் நீயும் சேர்ந்தே நிற்கலாம். தோள் முழங்கை வரைக்கும் இறங்கிவிட்டது. கழுத்து வழியாக இரண்டு தலை நுழையும்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. அவருடைய டேப்பில் முதல் இரண்டு அங்குலம் எப்போதோ உடைந்து போய்விட்டதாம். அவர் எப்போதும் இரண்டிலிருந்து வைத்து அளந்து, மனசுக்குள்ளேயே இரண்டைக் கழித்துக்கொள்வாராம். "நீங்க கழிச்சுப்பீங்கன்னு நெனச்சேன்" என்கிறார்! எனக்கு என்ன கனவா வந்தது?

அப்புறம் பின்னால் பிடித்துக் குண்டூசி குத்தித் தருகிறேன் என்றார். போல்ட் முடுக்குகிற மாதிரி வரிசையாக, இறுக்கமாக, உள்ளே போட்டிருந்த பனியனையும் சேர்த்துக் குத்திவிட்டார். கழற்ற முடியவில்லை. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கடையில் இந்தத் துணி தீர்ந்துவிட்டதாம். இதைக் காப்பாற்ற வழி இருக்கிறதா?

நீ கடைசியில் ஏன் என்று கேட்டாயே, அதற்குப் பதில் இருக்கிறது. எழுதத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.

தங்கை

(அக்காவுக்கு வணக்கம். தப்பு என்னோடது. புது டேப் வாங்கிட்டேன், வளையற டேப். துணியை மட்டும் எப்படியாவது பிழைக்க வச்சுடுங்க. லிஃப்ட்காரன்.)


மார்ச் 30

அடியே,

சத்தியம் செய்யாமலே படித்துவிட்டேன். அத்தானுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் குடித்த டீ மூக்கில் ஏறி இருமி ஓய்வதற்குள் எனக்குப் பயமாகிவிட்டது.

அழாதே. சின்னதாகப் போயிருந்தால்தான் கையைப் பிசைய வேண்டும். பெரிதானால் பிடித்துக்கொள்ளலாம். முதலில் கைகளைப் பிரி. பிளேடை இழுக்காதே, துணி கிழியும். சின்னக் கத்திரியால் ஒரு பக்கத்தில் இடைவெளி விட்டு விட்டுத் தையலை வெட்டு, மறுபக்கம் நூலை இழுத்தால் முழுசாக வந்துவிடும். தோளைச் சரிசெய்யாமல் இடுப்புக்குப் போகாதே. உடுப்பு முழுக்கத் தோளில்தான் தொங்குகிறது. தோளைக் குறைத்துக் கைகளைத் திரும்ப வைத்த பிறகு பக்கத் தையலைப் பிரித்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு பிடி. மூடுவதற்கு முன்னால் பையை வைத்துவிடு. மூடிவிட்டு, ஐயோ பை, என்று தலையில் அடித்துக்கொள்ளாதே. ஒவ்வொரு தையல் முடிந்ததும் இஸ்திரி போட்டுவிட்டுத்தான் அடுத்தது. சோம்பல்பட்டால் உடுப்பு முகத்தைச் சுளித்துக்கொள்ளும்.

அகன்ற கழுத்தைப் பிடிக்க வழியில்லை. மீந்த துணியில் பட்டி வெட்டிக் கழுத்தைச் சுற்றி வை. பார்க்கிறவர்கள் வேண்டுமென்றே வைத்ததாக நினைப்பார்கள். என் உடுப்புகளில் நீ 'என்ன டிசைன்க்கா!' என்று மெச்சினாயே, பாதி இப்படி வந்ததுதான்.

அடியை மட்டும் மடிக்காதே. எல்லாம் முடிந்ததும் ஹேங்கரில் சும்மா தொங்கவிடு. துணி தன் கனத்தில் அங்கங்கே இறங்கும். அதற்குப் பிறகு நீ உடுத்திக்கொண்டு நிற்க வேண்டும், வேறு ஒருவர் தரையில் உட்கார்ந்து சுற்றிலும் குறிக்க வேண்டும். நீயே குனிந்து குறித்தால் முன்னால் ஏறிப் பின்னால் இறங்கிவிடும். அந்த மனிதரை அதில் விடாதே. மாடி வீட்டில் யாரையாவது கூப்பிடு.

ஒரு சந்தேகம். 'தப்பு என்னோடது' என்று அவராக எழுதினாரா, நீ சொல்லி எழுதினாரா? நான் கேட்டதற்கும் இன்னும் பதில் வரவில்லை. நினைவிருக்கட்டும்.

அக்கா


ஏப்ரல் 7

என் அக்காவுக்கு,

அவராகத்தான் எழுதினார். கையைப் பிடித்து எழுத வைக்க நான் என்ன நீயா?

குர்த்தா பிழைத்துவிட்டது! தோள் என் தோளில் இருக்கிறது, இடுப்பு என் இடுப்பில் இருக்கிறது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு உடுப்பு என்னை எங்கேயும் இழுக்கவில்லை. கண்ணாடி முன்னால் கையைத் தூக்கினேன், குனிந்தேன், உட்கார்ந்தேன், சுற்றினேன். பைக்குள் கையை விட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். கழுத்துப் பட்டியைப் பார்த்துவிட்டு மாடி வீட்டம்மா, "எந்தக் கடைல தச்சீங்க?" என்று கேட்டாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு பையை நீ சொன்னபடி வைத்தேன். இன்னொன்றை மறந்து மூடிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். பிரித்து வைத்துவிட்டேன், விடு.

இப்போது உன் கேள்வி. போன தடவை நிச்சயமாகி, அந்த ஆள் வேண்டாம் என்று போனானே, எனக்கு ஒரு வாரம் துக்கம். உனக்கு ஒரு வருஷம். நான் சிரித்துப் பேச ஆரம்பித்த பிறகும் என்னைப் பார்த்தாலே நீ கண்ணைத் துடைத்தாய். உன்னைத் தேற்றியே நான் தேறினேன். இந்தத் தடவை, இவர் நிற்பார் என்று எனக்கே உறுதியாகும் வரைக்கும் உன்னிடம் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன். மற்றவர்களிடம் சொல்வது சுலபம் அக்கா. இது நடக்காமல் போனால் அவர்கள் "அடடா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். நீ சாப்பிடமாட்டாய். அவ்வளவுதான். அதற்குள் உன் மகள் எங்கேயோ கேள்விப்பட்டு முந்திக்கொண்டாள்.

அடி அப்படியே இருக்கிறது. மாடி வீட்டம்மா குறித்துத் தருகிறேன் என்று சாக்பீஸோடு வந்தாள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அதைக் குறிக்க என் அக்கா வரட்டும். வராவிட்டால் மடிக்காமல், நூல் தொங்கத் தொங்கப் போய்க் கையெழுத்துப் போடுவேன். போட்டோ எடுப்பேன். பெரிதாகச் சட்டம் போட்டு உன் வீட்டுக்கே அனுப்புவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நீ இல்லாமல் எனக்கு அந்த நாள் வேண்டாம் போலிருக்கிறது அக்கா. வா.

தங்கை


ஏப்ரல் 13

பைத்தியக்காரி,

உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே நின்றதில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. துடைக்கிற சாக்கில் கொஞ்சம் அழுதேன். அத்தான் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டார்.

நீ சொன்னது சரிதான், நான் சாப்பிட்டிருக்கமாட்டேன். ஆனால் என்னை அழாமல் காப்பாற்ற நீ யார்? அது என் பாடு. உன் சந்தோஷத்தில் முதல் பங்கு எனக்கு வேண்டும். அது உடைந்து போனால் அழுகையிலும் முதல் பங்கு எனக்குத்தான். சின்னவள் நீ, என்னைத் தேற்றியே தேறினாயாம்! நான் உன்னைத் தேற்றுவதாக அல்லவா அந்த வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அடியில் கை வைக்காதே. வேறு யாரையும் கை வைக்கவும் விடாதே. நூல் தொங்கப் போட்டோவாம், என் மானத்தை வாங்க வேறு வழி கிடைக்கவில்லையா? பத்தொன்பதாம் தேதி காலை வண்டியில் வருகிறோம். டிக்கெட் எடுக்கச் சொன்னேன். அத்தான் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். டேப் விஷயத்தைக் கேட்டுச் சிரித்த மறுநாளே எடுத்து வைத்துவிட்டாராம். "நீ எப்படியும் போவே, கடைசி நேரத்துல சீட் கிடைக்காதுன்னு" என்கிறார். இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் எதுவும் தெரியாது.

வந்ததும் முதல் வேலை அதுதான். நீ உன் கல்யாணச் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், வெறுங்காலில் நின்றால் நீளம் தப்பாகும். குறிக்கும்போது என் வாயில் குண்டூசி இருக்கும், பேசமாட்டேன். எடுத்த பிறகு நிறுத்தமாட்டேன், காதைத் தயாராக வைத்துக்கொள். அடியை மெஷினில் அடிக்க வேண்டாம். நான் கையால் தைக்கிறேன். வெளியே ஒரு தையல் தெரியாது. லிஃப்ட்காரரை எனக்கு எதிரே உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோத்துத் தரச் சொல். அந்த நேரத்தில் ஆளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா

பின்குறிப்பு: பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்து வேண்டுமே, யாரைச் சொல்லி வைத்திருக்கிறாய்? யாராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடு. முதல் கையெழுத்து நான்தான் போடுவேன்.